ஸோரிமாவின் இரண்டாவது இசைத்தட்டு

ஹாலிவுட்
மார்ச் 3, 1958

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி செல்மோ. நானும் மார்ஜரியும் இங்கே சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அத்தான் துறைமுகத்தில் இன்னும் மூட்டைதான் தூக்குகிறாரா, இல்லை மேஸ்திரி ஆக்கிவிட்டார்களா? ரொட்டிக்கடைக்குப் புது அடுப்பு கட்டுவதாகச் சொன்னாயே, கட்டினாயா? எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும்.

நல்ல செய்தியோடு எழுதுகிறேன். முதலாளி ட்ரெட்வெல் போன வாரம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். இனி நான் டேப் சுருள் தூக்கிக்கொண்டு மாடி ஏற வேண்டாமாம். ஒரு முழு இசைத்தட்டு என் பொறுப்பு. பாட்டு, ஆட்கள், அட்டைப்படம் எல்லாம் நான் சொல்வதுதான். தயாரிப்பாளர் ஆன்செல் பேஜ் என்று அட்டையில் போடுவார்கள். அன்செல்மோ பாச்செக்கோ என்று இவர்கள் வாயில் நுழைவதில்லை. நுழைந்தாலும் விற்காது என்கிறார் ட்ரெட்வெல்.

இங்கே இப்போது வீட்டுக்கு வீடு பெரிய ஒலிபெருக்கி வாங்கி வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, கையில் கோப்பையோடு சாய்ந்துகொண்டு, தாங்கள் ஒருநாளும் போகப் போகாத காட்டையும் தீவையும் கேட்க வேண்டும் அவர்களுக்கு. எந்தக் காடு என்று ஒருத்தரும் கேட்பதில்லை. தவளை கத்த வேண்டும், பறவை கூவ வேண்டும், மரக்கட்டையில் தாளம் விழ வேண்டும். நடுவில் ஒரு பெண்குரல், சொல் எதுவும் இல்லாமல், எங்கோ தூரத்திலிருந்து வர வேண்டும்.

தவளைக்கும் பறவைக்கும் என்னிடம் ரூடி இருக்கிறான். தாளக்காரன். தொண்டையாலேயே பதினைந்து பறவை கூவுவான். பெண்குரல்தான் கிடைக்கவில்லை. இங்கே பாடுகிறவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்துப் பாடுகிறவர்கள். மூச்சு எங்கே வாங்குகிறார்கள் என்பது வரைக்கும் தெரிந்துவிடுகிறது.

கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தபோது இவாலனி மாவு பிசைந்துகொண்டே தனக்குள் பாடியதைக் கேட்டேன். அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது கேட்கிறேன். அவளை அனுப்பு அக்கா. என் வீட்டில் மார்ஜரியோடு இருப்பாள். தாய்மாமன் நான் இருக்கும்போது உனக்கு என்ன பயம்?

அத்தானிடம் பக்குவமாகச் சொல். அவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டால் எனக்குத் தந்தி கொடு, நானே வருகிறேன்.

உன் பிரியமுள்ள தம்பி
செல்மோ


ஹொனலுலு
மார்ச் 19, 1958

அன்பான செல்மோவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நாங்கள் சுகம். முழங்கால் மழைக்காலம் முடிந்தால் சரியாகும். அடுப்பு கட்டியாயிற்று. புகை மட்டும் இன்னும் உள்ளேயே திரும்புகிறது. மார்ஜரிக்கு என் விசாரிப்பைச் சொல்லு. போன தடவை இளைத்துப்போயிருந்தாள்.

உன் கடிதத்தை நான் படித்து முடிப்பதற்குள் இவாலனி பெட்டியை எடுத்துத் தூசி தட்டத் தொடங்கிவிட்டாள். பத்தொன்பது வயது. அவளை நிறுத்துவது யார்?

அத்தான்தான் நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார், "உன் தம்பி கெட்டவன் இல்ல ஃபிலோ. ஆனா அவன் சொந்தப் பேரையே வித்துட்டவன். நம்ம பொண்ணு பேர மட்டும் பத்திரமா வச்சிருப்பானா?" நான் உனக்காகப் பேசினேன். அப்பா போன பிறகு பன்னிரண்டு வயதிலிருந்து நான் வளர்த்த பிள்ளை நீ என்று சொன்னேன். கடைசியில் நீ கடிதத்தோடு அனுப்பிய ஒப்பந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். படிக்கவில்லை. படித்தால் போடமாட்டேன் என்றார்.

இரண்டு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் அவள் கையாலேயே எனக்கு எழுத வேண்டும். அடுத்தது, அவளுக்குச் சளி பிடித்தால் சீக்கிரம் இறங்காது. சின்ன வயதிலிருந்து அப்படித்தான். அந்த நாட்களில் அவளைப் பாடச் சொல்லாதே. நீ சொன்னால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாது அவளுக்கு. உன்மேல் அவ்வளவு பிரியம்.

உன் கையில் ஒப்படைக்கிறேன்.

உன் அக்கா
ஃபிலோமினா


ஹாலிவுட்
ஜூன் 2, 1958

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். இவாலனி நன்றாகச் சாப்பிடுகிறாள். மார்ஜரி சமையலை நீ செய்வதுபோல் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். உன் மகள்தான், சந்தேகமில்லை.

இசைத்தட்டு முடிந்தது. என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேள். முதலில் அவளை ஒலிப்பதிவுக் கூடத்தில் மற்றவர்களோடு நிறுத்திப் பாட வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஹொனலுலுவில் ஒரு பெண் பாடுவதுபோல இருந்தது. எனக்கு வேண்டியது அது இல்லை. எங்கள் கட்டடத்துக்கு அடியில் ஒரு சிமெண்டு அறை உண்டு. மேலே பாடியதை அங்கே ஒலிபெருக்கியில் விட்டு, எதிரொலியோடு திரும்பப் பிடிப்போம். ஒலியை எதற்கு அனுப்ப வேண்டும், பாடுகிறவளையே அனுப்பினால் என்ன என்று தோன்றியது. அவளை உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்தினோம்.

அக்கா, மேலே கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எங்களுக்கு மயிர்க்கூச்செடுத்தது. ட்ரெட்வெல் கண்ணைத் திறக்காமலேயே சொன்னார், "இது செத்துப்போன ஊரோட குரல், ஆன்செல். இத அங்கிருந்து வெளிய விடாத." அன்றிலிருந்து எல்லாப் பாட்டும் அங்கேதான்.

ஒரு சின்ன விஷயம். அட்டையில் அவள் பெயர் ஸோரிமா. கடலில் மூழ்கிப்போன ஒரு தீவின் கடைசி இளவரசி. மனித பாஷை எதுவும் தெரியாதவள். அதனால் பத்திரிகைக்காரர்கள் முன்னால் அவள் வாய் திறக்கக் கூடாது. நேற்று ஒரு விருந்தில் மூன்று மணிநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் காரில் சிரித்த சிரிப்பில் எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தானிடம் இதைச் சொல், அவரும் சிரிக்கட்டும்.

இந்த ஞாயிறு அவள் அசந்து தூங்குகிறாள். அடுத்த வாரம் தானே எழுதுவாள்.

அன்புடன்
செல்மோ


ஹொனலுலு
ஜூலை 20, 1958

அன்பான செல்மோ,

இங்கே யாவரும் நலம். நீயும் மார்ஜரியும் நலமா? இவாலனி நலமா? இதை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

இசைத்தட்டு வந்தது. தெரு முழுக்கக் கடையில் கூடிவிட்டார்கள். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து உறையைப் பிரித்தேன். அட்டையில் யாரோ ஒருத்தி இருக்கிறாள். கறுப்புச் சாயம் பூசிய தலைமுடி, தோளில் புலித்தோல். நம் தீவுகளில் புலியை யார் பார்த்தது? கூட்டத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தான் அட்டையின் பின்பக்கத்தில் இருந்ததை ஒருமுறை சத்தமாகப் படித்தார். தாய் தந்தை இல்லாதவள், கடல் கொடுத்த பெண் என்று இருந்தது. படித்துவிட்டு அட்டையை மேஜையில் வைத்தார், வெளியே போய்விட்டார். அவர் சிரிக்கவில்லை தம்பி.

பாட்டைப் போட்டோம். அது அவள்தான். அந்தத் தவளைக்கும் பறவைக்கும் நடுவில் என் மகள்தான். ஆனால் கேட்கக் கேட்க எனக்கு என்னவோ செய்தது. யாரையோ கூப்பிடுகிற மாதிரியே இருந்தது.

அவள் கடிதங்கள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. போன வாரம் வந்ததில் ஏழு வரி. அதில் இப்படி எழுதியிருக்கிறாள்: "அந்த அறையில் என் குரல் எனக்குப் பின்னாலிருந்து வருகிறது அம்மா. சுவரெல்லாம் வியர்க்கிறது. செருப்பு ஈரமாகிவிடுகிறது. ஆனால் மாமாவுக்கு ரொம்ப சந்தோஷம்."

அந்த அறையில் எவ்வளவு நேரம் நிற்கிறாள் என்று எனக்கு எழுது.

ஃபிலோமினா


ஹாலிவுட்
ஆகஸ்டு 11, 1958

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம். உன் கடிதம் படித்துச் சிரித்தேன், கொஞ்சம் வருத்தமும் பட்டேன். அட்டைப்படம் வியாபாரம் அக்கா. ரொட்டி விற்கிற உனக்குத் தெரியாதா? கண்ணாடி அலமாரியில் அழகான ரொட்டியை முன்னால் வைக்கிறாய், ருசியானது உள்ளே இருக்கிறது.

நான் எங்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவாய். ஸோரிமாவைக் கேட்காத மதுக்கூடம் இங்கே கிடையாது. ஒலிபெருக்கி விற்கிற கடைகளில் வாசலிலேயே அதைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். இடது பக்கம் தவளை, வலது பக்கம் அலை, நடுவில் அவள். போன வாரம் மூன்று தயாரிப்பாளர்கள் சாப்பிடக் கூப்பிட்டு, அந்தக் குரலை எங்கே வைத்துப் பிடித்தாய் என்று கேட்டார்கள். நான் சொல்வேனா? ட்ரெட்வெல் எனக்குத் தனி அறை கொடுத்துவிட்டார். கதவில் பெயர். ஆறு வருடம் முன்னால் அந்தக் கதவைத் துடைத்தவன் நான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் இரண்டாவது இசைத்தட்டு கடைக்கு வர வேண்டும். இந்த முறை எரிமலைத் தீவு. குரல் இன்னும் மேலே, கத்தல் மாதிரி போக வேண்டும். அவளால் முடியும்.

லேசாகச் சளி பிடித்திருக்கிறது. கம்பெனி டாக்டர் பார்த்தார். பயப்பட ஒன்றுமில்லை.

உன் கேள்விக்குப் பதில்: வேலை இருக்கிற நேரம் வரைக்கும்.

அன்புடன்
செல்மோ


ஹொனலுலு
செப்டம்பர் 14, 1958

அன்பான செல்மோ,

உடம்பைப் பார்த்துக்கொள். நாங்கள் இருக்கிறோம்.

ஆகஸ்டு கடைசியிலிருந்து இவாலனியிடமிருந்து கடிதம் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. தொலைபேசி அலுவலகத்துக்குப் போய் உன் வீட்டுக்குக் கூப்பிட்டேன். மார்ஜரி எடுத்தாள். இவாலனியைக் கூப்பிடு என்றேன். வெளியே போயிருக்கிறாள் என்றாள். எங்கே என்றேன். "அண்ணி, நீங்க செல்மோகிட்டயே கேளுங்க. நான் ஏதாவது சொன்னா தப்பாயிடும்" என்றாள். அதற்குமேல் அழுகிற சத்தமா, இணைப்பின் சத்தமா தெரியவில்லை. துண்டித்துவிட்டாள்.

மார்ஜரி ஏன் அப்படிச் சொன்னாள்?

நான் புறப்பட்டு வரட்டுமா? கடையை ஒரு மாதம் அத்தானின் தங்கை பார்த்துக்கொள்வாள். வா என்று ஒரு சொல் எழுது, போதும். நான் அவளுக்கு எழுதிய கடிதங்கள் அவள் கைக்குப் போகின்றனவா?

அக்கா


ஹாலிவுட்
அக்டோபர் 25, 1958

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். இது தட்டச்சில் வருவதற்கும் மன்னிக்க வேண்டும். இப்போது எனக்கு ஒரு உதவியாளர் இருக்கிறார். நான் சொல்லச் சொல்ல அவர் அடிக்கிறார். அனைவரும் நலம்.

இவாலனிக்கு வேலை அதிகம். டாக்டர் குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறார், அதனால் தொலைபேசியில் பேசுவதில்லை. காற்று மாறட்டும் என்று மலையடிவாரத்தில் ஒரு நல்ல இடத்தில் தங்க வைத்திருக்கிறேன். தோட்டமும் பூவும் இருக்கிறது. பெரிய கலைஞர்கள் எல்லோரும் இப்படித்தான் ஓய்வெடுப்பார்கள். எழுதினால் களைப்பாகிறதாம், அதனால் உங்களுக்கு என் மூலமாக அன்பைச் சொல்லச் சொன்னாள்.

மார்ஜரிக்கு நரம்புத் தளர்ச்சி. அவள் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

இரண்டாவது இசைத்தட்டு முடிந்துவிட்டது. நவம்பர் கடைசியில் கடைக்கு வரும். ட்ரெட்வெல் முதல் தட்டைவிட உயர்ந்தது என்கிறார்.

நீ வர வேண்டிய அவசியம் இல்லை. வந்தால் அவள் ஓய்வு கெடும்.

அன்புடன்
ஆன்செல்


ஹொனலுலு
டிசம்பர் 7, 1958

செல்மோ,

நாங்கள் சுகம்.

நேற்றுக் காலை கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஸோரிமாவின் இரண்டாவது இசைத்தட்டு என்று அறிவித்தான். ரொட்டிக்கு நின்றவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு ரேடியோப் பக்கத்தில் போய் நின்றேன்.

நல்ல குரல். சுத்தமான குரல். என் மகளுடைய குரல் இல்லை.

பாட்டு முடிந்ததும் கடையில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

முதலில் பெயரை மாற்றினாய். பிறகு முகத்தை மாற்றினாய். இப்போது குரலையும் மாற்றிவிட்டாய். மிச்சம் இருக்கிறவள் எங்கே?

அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. தந்தியில் பதில் கொடு.

ஃபிலோமினா


லாஸ் ஏஞ்சலஸ்
ஜனவரி 8, 1959

செல்மோ,

உன் தந்தி வரவில்லை. நான் வந்துவிட்டேன். இந்த ஊருக்கு வந்து பதினாறு நாளாகிறது. இதை உன் அலுவலகத்தில் உன் மேஜைமேல் நானே வைக்கப்போகிறேன். உன்னைப் பார்க்க இரண்டு முறை வந்தேன். ஒலிப்பதிவில் இருக்கிறார் என்றார்கள். பார்த்தால் பேசுவேனோ என்னவோ தெரியாது, அதனால் எழுதுகிறேன்.

உன் வீட்டுக் கதவை மார்ஜரிதான் திறந்தாள். நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகவரியை ஏற்கெனவே ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள். "எப்ப வருவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். என்னை உள்ளேகூடக் கூப்பிடவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

அது ஓய்வெடுக்கிற இடம் இல்லை செல்மோ. ஆஸ்பத்திரி. இவாலனி கஹாலே என்று கேட்டேன். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றார்கள். ஸோரிமா என்றேன். அந்த நர்ஸ் சிரித்தாள், பாட்டுக்காரியா என்று கேட்டாள். மார்ஜரி முன்னால் வந்து, "இனெஸ் பேஜ்" என்றாள். உடனே கூட்டிக்கொண்டு போனார்கள். உன் பெயரைக் கொடுத்திருக்கிறாய், அதுவும் பொய்ப்பெயரை.

ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் இவா என்றேன். திரும்பினாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கழுத்தில், நம் அம்மா சிலுவை போடுகிற இடத்தில், தையல் போட்ட வடு. என்னைப் பார்த்ததும் அழவில்லை. முதலில் கையால் அந்த வடுவை மறைத்தாள்.

அவள் எழுதிக் காட்டினாள். நான் கோபமாக இருப்பதாகவும், தேறும் வரை அவள் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொன்னதாகவும் நீ சொன்னாயாம். எனக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் தபாலில் போட உன்னிடம் கொடுத்தாளாம்.

உன் பறவைக்காரன் ரூடியையும் பார்த்தேன். அவன்தான் ஞாயிறு தோறும் அவளைப் பார்க்கப் போகிறவன். உனக்குத் தெரியுமா? அவன் எனக்கு எல்லாவற்றையும் சொன்னான். செப்டம்பர் முதல் வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல். இருமினால் எச்சிலில் ரத்தம். உன் டாக்டர் ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது என்றாராம். நீ, தேதி போய்விடும் என்றாயாம். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்து அந்தச் சிமெண்டு அறைக்குள் அனுப்பினாய். மரத்துப்போனதால் அவளுக்கு வலிக்கவில்லை. வலிக்காததால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. எரிமலை வெடிக்கிற இடம் வந்ததும் கத்தினாள், நீ கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இன்னொன்று என்று விரலைக் காட்டினாய், மறுபடி கத்தினாள்.

"கடைசி தடவ சத்தம் பாதியில நின்னுச்சு. நான் பறவ கூவறத நிறுத்திட்டேன். ஆன்செல் என்னப் பாத்து, நீ ஏன் நிறுத்தினன்னு கத்தினாரு. நான் கதவத் தொறக்க ஓடினேன்" என்றான் ரூடி. கதவைத் திறந்தபோது ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தாளாம். மூச்சு விட முடியாமல் நீலம் பாரித்திருந்தாளாம். கழுத்தில் துளை போட்டுத்தான் பிழைக்க வைத்தார்களாம்.

இனி குரல் வராது என்று டாக்டர் என்னிடம் சொன்னார். உன்னிடம் அதை அக்டோபரிலேயே சொல்லிவிட்டாராம். தோட்டமும் பூவும் என்று நீ எழுதினது அக்டோபரில்.

உன் அத்தானின் கையெழுத்து இருக்கிற காகிதத்தை இங்கே ஒரு வக்கீலிடம் காட்டினேன். ஸோரிமா என்கிற பெயரும் குரலும் கம்பெனிக்குச் சொந்தம் என்கிறார். பாடுகிறவளுக்கு உடம்பு முடியாமல் போனால் வேறு ஆளை வைக்கலாமாம்.

சனிக்கிழமை கப்பலில் நாங்கள் போகிறோம். மகளை அவள் சொந்தப் பெயரில் கூட்டிக்கொண்டு போகிறேன். நீ வழியனுப்ப வர வேண்டாம்.

ஃபிலோமினா


ஹாலிவுட்
மார்ச் 2, 1959

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இதை என் கையாலேயே எழுதுகிறேன்.

நீ மேஜைமேல் வைத்துவிட்டுப் போனதைப் படித்தேன். அன்றைக்கு நான் கூடத்துக்குள்தான் இருந்தேன். நீ நடைபாதையில் நின்றதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பழைய பச்சைக் கோட்டுப் போட்டிருந்தாய். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எரியும்போது யாரும் வெளியே வரக் கூடாது, இங்கே சட்டம் அப்படி.

ரூடி எல்லாவற்றையும் ஒரு பக்கமாகச் சொல்லியிருக்கிறான். அவனை வேலையிலிருந்து அனுப்பியாகிவிட்டது, அந்தக் கோபம். இவாலனியை யாரும் கட்டி வைக்கவில்லை அக்கா. "இன்னொரு தடவ பாடட்டுமா மாமா?" என்று அவள்தான் கேட்டாள். அவளைக் கேட்டுப் பார்.

ஒன்று மட்டும் உனக்குப் புரிய வேண்டும். அவள் குரல் போய்விடவில்லை. டேப்பில் இருக்கிறது. ஈரம் படாத அலமாரியில், நல்ல பெட்டியில் வைத்திருக்கிறோம். நாம் எல்லோரும் போன பிறகும் இருக்கும். எந்தப் பாட்டுக்காரிக்கு இருபது வயதில் அது கிடைக்கும்?

மார்ஜரி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். வீடு அமைதியாக இருக்கிறது. மே மாதத்திலிருந்து முழுத் தயாரிப்புப் பிரிவுக்கும் நான்தான் தலைவர். இந்த வருடம் நான்கு இசைத்தட்டு. இரண்டாவது தட்டில் பாடிய புதுப் பெண் சிரானுஷ் நல்லவள். ஃபிரெஸ்னோ பக்கம் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுப் பெண், அர்மீனியக் குடும்பம். பதினெட்டு வயது. அவளுடைய அம்மாவும் உன்னைப் போலத்தான், எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பாள். நான் பொறுமையாகப் பதில் எழுதுகிறேன். அந்தச் சிமெண்டு அறையில் இந்தப் பெண்ணின் குரல் எவ்வளவு நன்றாக எழும்புகிறது தெரியுமா? இரண்டு வாரமாகக் கொஞ்சம் இருமுகிறாள், பெரிதாக ஒன்றுமில்லை.

அத்தான் பத்திரிகைக்காரர்களிடம் போகாமல் பார்த்துக்கொள். இவாலனியின் பெயர்தான் கெடும்.

என்றும் உன் தம்பி
செல்மோ


ஹொனலுலு
ஏப்ரல் 20, 1959

அன்செல்மோ,

நீ சுகமா என்று இந்த முறை நான் கேட்கவில்லை. நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று சொல்கிறேன்.

நம் தீவுகளும் அமெரிக்க மாநிலம் ஆகின்றன என்று போன மாதம் ஊரில் எல்லாக் கோயில் மணியும் அடித்தார்கள். ஜனங்கள் தெருவில் ஆடினார்கள். இவாலனி அடுப்பு முன்னாலேயே இருந்தாள். யாராவது கடைக்கு வந்து பாட்டைப் பற்றிக் கேட்டால் சிரித்துக்கொண்டே ரொட்டியைக் கட்டிக் கொடுக்கிறாள். நான் ரேடியோவை எடுத்துவிடலாம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். அந்தப் பெண்ணின் பாட்டு வரும்போதெல்லாம் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பாள். ஒருநாள் புதிதாக வந்த ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டே இருந்தவள் சட்டென்று என் கையைப் பிடித்து இழுத்தாள். காகிதத்தில் எழுதினாள்: "இவளுக்கும் தொண்டை கட்டியிருக்கிறது அம்மா. மறைத்துப் பாடுகிறாள்."

அன்றைக்குத்தான் உன் கடிதமும் வந்தது. இருமல் என்று நீயே எழுதியிருந்தாய்.

மார்ஜரிக்கு எழுதி ஃபிரெஸ்னோ முகவரியை வாங்கினேன். அந்தத் தாய், திருமதி ஹகோபியான், அவளுக்கு நானே எழுதினேன். என் மகளுக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினேன். இன்றைக்கு அவளிடமிருந்து பதில் வந்திருக்கிறது.

மரியாதையான பெண். என் மகளுக்காகத் தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினாளாம். ஆனால் நான் யாரையோ தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறேனாம். திரு. பேஜ் தங்கமான மனிதராம். வாரம் தவறாமல் தனக்குக் கடிதம் போடுகிறாராம். சிரானுஷுக்கு வேலை அதிகமாம். டாக்டர் குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருக்கிறாராம், அதனால் தொலைபேசியில் பேசுவதில்லையாம். எழுதினால் களைப்பாகிறதாம், அதனால் அவர் மூலமாகவே அன்பைச் சொல்லியனுப்புகிறாளாம்.

கடையில் கூட்டம் இருந்தது. நான் அதைப் படித்துவிட்டு மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். இவாலனி கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிப் படித்தாள். உள்ளே போனாள். பெட்டியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். அத்தான் அதைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்கவில்லை. "மூணு பேருக்கும் சீட்டு எடுக்கறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

இந்த முறை கப்பல் இல்லை, விமானத்தில் வருகிறோம். இது உன் கைக்கு வரும்போது நாங்கள் ஃபிரெஸ்னோவில் இருப்போம். உன்னிடம் வரமாட்டோம். அந்தத் திராட்சைத் தோட்டத்து வீட்டில், அந்தத் தாயின் முன்னால், என் மகளை உட்கார வைப்பேன். திரு. பேஜைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை.

இவளிடம் ஏதாவது கேளுங்கள் அம்மா என்று மட்டும் சொல்வேன். பதிலுக்கு அவள் காத்திருக்கட்டும்.

ஃபிலோமினா